தோட்டத்துச் சபையும் இனநீதியும்: நாம் செய்யும் தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்துச் சபைகளில் இனநீதி என்று பேச்செடுத்தால், தமிழர்களான நமக்கு நடந்த அநியாயம்தான் முதலில் வரும். கங்காணி, லயத்து வீடு, அப்புறம் தோட்டம் விற்கப்பட்டதும் போக்கிடமில்லாமல் நின்ற குடும்பங்கள். அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதோடு நின்றுவிடுவதுதான் பெரிய தவறு. இன்று தோட்டத்தில் முள்ளுத்தேங்காய் (செம்பனை) வெட்டுகிறவர்களில் இந்தோனேசியரும் நேப்பாளிகளும் வங்காளதேசிகளும் ஏராளம். நம்மை இழிவுபடுத்தும் 'கிளிங்' என்ற சொல் காதில் விழுந்தால் கொதிக்கிறோம்; வங்காளதேசிகளை இளக்காரமாக 'பங்களா' என்று கூப்பிடும்போது நாக்கு கூசுவதில்லை. பெண் பார்க்கும்போது சாதி கேட்கிற சபைக்கு இனநீதி பேச என்ன தகுதி?

மலேசியா தினத்தன்று நான்கு மொழியில் பாடி, ஒன்றாகச் சாப்பிடுவது நல்லதுதான். அதையே இனநீதி என்று நினைத்துவிடக் கூடாது. அப்போஸ்தலர் 6ஐப் படித்துப் பாருங்கள். அன்றாடப் பந்தியில் தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசியவர்கள் முறையிட்டார்கள். 'பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று சபை சொல்லவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுத்துப் பந்தியை அவர்கள் கையில் கொடுத்தது. ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை ஏழும் கிரேக்கப் பெயர்கள்! நம் சபைக் கமிட்டியில், பணம் எண்ணுகிற மேசையில், வேற்று இனத்தவர் எத்தனை பேர்?

தமிழ் ஆராதனை தனி, சீன ஆராதனை தனி என்று நடப்பது தவறில்லை. அவரவர் மொழியில் ஜெபிப்பது உரிமை. திருவிருந்தும் தீர்மானமும் தனித்தனியாகப் போகும்போதுதான் ஆபத்து. தென்னாப்பிரிக்காவின் டச்சு சீர்திருத்தச் சபை, 1857இல் வெள்ளையரில் 'சிலருடைய பலவீனத்தை' முன்னிட்டு வெள்ளையரல்லாதவர் தனியாக ஆராதிக்க இடம் கொடுத்தது. 1881இல் அவர்களுக்கென்று தனிச் சபையே வந்துவிட்டது. அந்தத் தனிச் சபைதான் 1982இல் பெல்ஹார் அறிக்கையை வரைந்து, இனப் பிரிவினையை விசுவாசத்தின் பெயரால் எதிர்த்தது.

இன்னொன்று. ஆராதனைக்கு வரும் தொழிலாளி, "என் பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கிறது" என்றால் "ஜெபிக்கிறோம் தம்பி" என்று அனுப்பிவிடாதீர்கள். 1966ஆம் ஆண்டு கடப்பிதழ்ச் சட்டப்படி, சட்ட அனுமதியின்றி அடுத்தவர் பாஸ்போர்ட்டை வைத்திருப்பது குற்றம். அதற்காக அவரைக் கேட்காமல் புகார் கொடுக்கவும் ஓடாதீர்கள். வேலை பெர்மிட் போனால் பாதிக்கப்படுவது அவர்தான். உட்கார்ந்து முழுதும் கேளுங்கள். அவர் சரி என்றால், தொழிலாளர் இலாகாவுக்குக் கூடவே போங்கள்.