ஹெல்த் கோச் யாருக்கு? மாமனாருக்கா, எனக்கா?

மாமாவுக்கு மாரடைப்பு வந்து, அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைத்து வீட்டுக்கு அழைத்து வந்தபோது, இதயம் பலவீனமாக இருக்கிறது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். பார்த்துக்கொள்கிறவர்களுக்கு உதவ வீடியோ காலில் ஹெல்த் கோச், அதாவது அன்றாடப் பழக்கங்களில் வழிகாட்டுகிறவர், கிடைப்பார் என்று தெரிந்து, ஆறு மாதத்துக்குச் சேர்ந்தோம். வாரம் அரைமணி நேரப் பேச்சு, இடையில் வாட்ஸ்அப். அதில் முதல் இரண்டு மாதம் வீண். தப்பு கோச் மேல் இல்லை.

ஒவ்வொரு வாரமும் நான் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு மாமாவின் பிபி, எடை, கால் வீக்கம் என்று வாசிப்பேன். அரைமணி நேரம் அதிலேயே போய்விடும். ஒருநாள் எங்கள் கோச்சான அந்தப் பெண், "இன்னிக்கு நீங்க எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால், சாப்பிடவே இல்லை. அந்த அரைமணி நேரம் நோயாளிக்கானது அல்ல, அவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கானது என்பது அன்றுதான் உறைத்தது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 1999-இல் ஓர் ஆய்வு வந்தது. நோயுற்ற கணவனையோ மனைவியையோ கவனித்து, அதனால் மன அழுத்தத்துக்கு ஆளான முதியவர்கள் அடுத்த 4 ஆண்டுகளில் இறக்கும் அபாயம், அந்தப் பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகமாக இருந்ததாம். நம் தூக்கம், நம் சர்க்கரை மாத்திரை, நம் முதுகுவலி எல்லாம் பேச வேண்டிய விஷயங்கள்தான். பேசும்போதும் "கொஞ்சம் ஓய்வு எடுக்கணும்" என்று பொதுவாகச் சொன்னால் ஒன்றும் நடக்காது. அதனால், செவ்வாயும் வெள்ளியும் இரவு கொழுந்தனார் மாமா அறையில் படுத்துக்கொள்வார் என்று முடிவானது. அதை அவரிடம் எப்படிக் கேட்பது என்பதைக்கூடக் கோச்சிடம் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கேட்டேன்.

இன்னொன்று, யார் பேசுவது என்பது. பல வீடுகளில் பணம் கட்டும் மகன் வெளிநாட்டில் இருப்பார், அழைப்பிலும் அவரே இருப்பார். இரவில் எழுந்து கைத்தாங்கலாகப் பாத்ரூமுக்குக் கூட்டிப் போகிறவர் அடுப்படியில் நிற்பார். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்பளம், ஊறுகாய், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். சமைக்கிறவர் காதில் விழாத இந்த அறிவுரையால் என்ன பிரயோஜனம்? அதேபோல, நோயாளி பக்கத்தில் இருக்கும்போது ஸ்பீக்கரில் பேசாதீர்கள். "ராத்திரி ரொம்பக் கோபம் வருது" என்பதை மாமா முன்னால் எந்த மருமகள் சொல்வாள்? நான் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவேன்.

கோச்சை டாக்டராக்கிவிடுவதும் நடக்கிறது. மாமாவுக்குப் பல் பிடுங்க வேண்டி வந்தபோது, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை இரண்டு நாள் நிறுத்தலாமா என்று நானே வாட்ஸ்அப்பில் கேட்டேன். இதய டாக்டரிடம் மட்டும் கேளுங்கள் என்று பதில் வந்தது. சரியான பதில். ஸ்டென்ட் வைத்தவர் அதைத் தானாக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் கட்டிக்கொள்ளலாம். கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பும் டாக்டரிடமே கேட்க வேண்டியதுதான். அதில் பொட்டாசியம் இருக்கிறது. இதயத்துக்குத் தரும் சில மாத்திரைகளோடு சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். எந்தக் கோச்சாவது மாத்திரையைக் கூட்டு, குறை என்று சொன்னால் அன்றே விலகிவிடுங்கள். 2020-இல் வந்த இந்தியத் தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி, மருந்து எழுதித் தரும் உரிமை பதிவு பெற்ற மருத்துவருக்குத்தான்.

அவசரத்தில் மெசேஜ் அனுப்பிவிட்டு நீல டிக் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது எல்லாவற்றையும்விட ஆபத்து. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் என்றால் 108. இதயம் பலவீனமானவருக்கு எடை ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல், அல்லது ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் உடம்பில் நீர் கோத்துக்கொள்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள், வியாழக்கிழமை கோச்சின் அழைப்பு வரட்டும் என்று இருக்காதீர்கள். டாக்டர் உங்களுக்கென்று வேறு கணக்குச் சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. எங்கள் வீட்டில் அது ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.

ஆரம்பத்திலேயே ஒரு வருடத்துக்கு மொத்தமாகப் பணம் கட்ட வேண்டாம். ஒரு மாதம் பேசிப் பாருங்கள், படிப்பு என்ன, இதய நோயாளிகளின் குடும்பங்களோடு பழக்கம் உண்டா என்று கேளுங்கள். அப்புறம், இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் அது கோச் தாங்கும் பாரம் இல்லை. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். என்னிடம் அந்த எண்ணைச் சொன்னதே எங்கள் கோச்தான்.