மாமாவின் கடை டொமைனை மீட்டது

சுன்னாகத்தில் பனங்கட்டியும் ஒடியல் மாவும் விற்கிற மாமாவின் கடைக்கு இணையத்தளம் செய்து கொடுத்தவர், தளத்தின் டாட் காம் பெயரை, அதாவது டொமைனை, தன் மின்னஞ்சலில் பதிந்துவிட்டு வெளிநாடு போய்விட்டார். புதுப்பிக்கும் திகதி நெருங்கியபோதுதான் மாமா வாயைத் திறந்தார். தளம் செய்த ஆள் நல்லவர், வாட்ஸப்பில் பிடித்துவிட்டேன்.

டொமைன் பெயர்களை மேற்பார்க்கும் ஐகான் (ICANN) அமைப்பின் லுக்கப் பக்கத்தில் பெயரைத் தட்டினால் எந்த ரெஜிஸ்ட்ராரிடம் (பெயரைப் பதிந்து தரும் நிறுவனம்) இருக்கிறது, எப்போது முடிகிறது என்று தெரியும். உரிமையாளர் விவரம் பெரும்பாலும் மறைத்தே இருக்கும். தளம் செய்தவரிடம் இரண்டு விஷயம்தான் கேட்டேன்: “அண்ணை, ட்ரான்ஸ்பர் லொக்கை எடுத்துவிட்டு ஓத் கோட்டை அனுப்புங்கோ.” முதலாவது, பெயர் வேறு ரெஜிஸ்ட்ராருக்குப் போகாமல் தடுக்கிற பூட்டு; மற்றது, மாற்றுவதற்குத் தேவையான இரகசியக் குறியீடு. உரிமையாளர் பெயரை முதலில் மாற்றச் சொல்லவில்லை. மாற்றினால் 60 நாள் பூட்டுப் போடுகிற ரெஜிஸ்ட்ரார்கள் உண்டு.

அப்புறம் மாமாவின் பெயரில் வேறொரு ரெஜிஸ்ட்ராரிடம் கணக்குத் திறந்து, அந்த ஓத் கோட்டைக் கொடுத்து, ஒரு வருடக் காசு கட்டினேன். அந்த வருடம் பழைய முடிவுத் திகதியோடு சேரும், நட்டமில்லை. பழைய ரெஜிஸ்ட்ரார் பேசாமல் இருந்தாலும் 5 நாளில் பெயர் தானாக வந்துவிடும். டிஎன்எஸ் (பெயர் எந்தக் கணினிக்குப் போகவேணும் என்று காட்டும் பதிவு) தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங்காரரிடம் இருந்ததால், அந்தப் பதிவு இருக்கும் இடத்தைக் காட்டும் நேம் சேர்வரைத் தொடவில்லை, தளம் நிற்கவுமில்லை.

இலங்கைக்குரிய டாட் எல்கேயும் எடுப்போமா என்கிறார் மாமா. தமிழிலேயே டாட் இலங்கையும் இருக்கிறது, பார்ப்போம். கார்டில் காசு கழித்துத் தானாகப் புதுப்பிக்கிற ஓட்டோ ரினியூ போட்டாயிற்று. வங்கிக் கார்ட் மாறினால் அங்கும் மாற்றவேணும் என்று மாமியிடம் சொல்லிவைத்திருக்கிறேன், மாமாவிடம் அல்ல.