பெருங்குடலின் தட்டைக் கட்டியை எண்டோஸ்கோப்பில் அகற்றும் முறை

இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டிய, காம்பில்லாத பாலிப் (குடலின் உட்படலத்தில் வளரும் கட்டி) கண்ணில் பட்டால், ஸ்னேரை, அதாவது மின்சாரத்தால் வெட்டும் கம்பிக் கண்ணியைக் கேட்பதற்கு முன் கட்டியை நன்றாகக் கழுவி, ரத்தக்குழாய்களைத் தெளிவாகக் காட்டும் என்.பி.ஐ. ஒளியில் நிதானமாகப் பாருங்கள். நடுவில் குழிவு, சிதைந்த ரத்தக்குழாய்க் கோலம் இருந்தால் புற்று ஆழத்தில் இறங்கியிருக்கலாம். அதைத் துண்டுதுண்டாக எடுக்கவே கூடாது. அறுவை சிகிச்சைக் குழுவோடு பேசுங்கள். இன்னொருவரிடம் அனுப்பப்போகும் கட்டியில் பலமுறை பயாப்ஸி எடுக்காதீர்கள். இடத்தை அடையாளமிடும் மையை அடியில் குத்தாதீர்கள். தழும்பு விழுந்து சளிப்படலம் தசையோடு ஒட்டிக்கொண்டால் அடுத்தவர் அடியில் திரவம் ஏற்றும்போது கட்டி எழும்பாது. மை அவசியமென்றால் 3 செ.மீ. தள்ளிக் குத்துங்கள்.

காற்றுக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு. ஸ்கோப்பைத் திருப்பி, கட்டியை 6 மணித் திசைக்குக் கொண்டுவாருங்கள். கருவி வெளிவருவது அந்தப் பக்கம்தான்.

இந்த வேலையின் உயிர் ஊசியில் இருக்கிறது: சளிப்படலத்துக்கு அடியில் திரவம் ஏற்றி, கட்டியைத் தசையிலிருந்து தூக்குவது. வெறும் சலைன் சில நிமிடங்களில் வடிந்துவிடும். ஜெலட்டின் கரைசல் நின்று நிதானிக்கும். வெளிர்நீலம் வரும்வரை மெத்திலீன் ப்ளூவும், 100 மி.லி.க்கு 1 மி.கி. அட்ரினலினும் சேருங்கள். ஊசியைச் சாய்வாக வைத்து, மருந்து தள்ளிக்கொண்டே குத்துங்கள். சரியான அடுக்கில் இருந்தால் உடனே மேடு எழும். எழாவிட்டால் ஊசி சுவரைத் தாண்டியிருக்கும். தள்ளிக்கொண்டே மெல்லப் பின்னிழுங்கள். கரு நீலக் கொப்புளம் வந்தால் மேலோட்டமாகக் குத்திவிட்டீர்கள். சுற்றிலும் எழும்பி, கட்டி மட்டும் அமுங்கியே கிடந்தால் நிறுத்துங்கள்: அடியில் தழும்போ ஊடுருவலோ இருக்கிறது.

ஸ்னேரை 2 முதல் 3 மி.மீ. நல்ல படலத்தையும் சேர்த்து விரித்து, கீழே அழுத்தி, வாயுவை உறிஞ்சியபடி மெதுவாக மூடுங்கள். வெட்டும் முன் பிடித்ததை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். குடல் சுவரும் கூடவே நகர்ந்தால், கைப்பிடி முழுதாக மூடாமல் நின்றால், தசை மாட்டியிருக்கலாம். கொஞ்சம் தளர்த்தி, மேலே தூக்கி, மறுபடி மூடுங்கள். அடுத்த துண்டை முந்தைய வெட்டின் விளிம்பிலிருந்தே எடுங்கள். இடையில் விடுபடும் சிறு திட்டுதான் பிறகு திரும்ப வளரும்.

எடுத்த இடத்தைக் கழுவுங்கள். நீலத்தில் வலைபோல இழைகள் தெரிந்தால் நல்லது. நீலத்தின் நடுவே வெள்ளை வட்டம் தெரிந்தால் தசை வெட்டுப்பட்டிருக்கிறது. அப்போதே கிளிப் (சிறு கவ்வி) போட்டு மூடுங்கள். எல்லாம் எடுத்தபின் ஸ்னேர் நுனியால், சாஃப்ட் கோயாகுலேஷனில் (வெட்டாமல் திசுவை உறையவைக்கும் மின்முறை), விளிம்பு முழுவதும் வெளுக்கும்வரை சுடுங்கள். இதைத் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள். கட்டி திரும்ப வருவதை வெகுவாகக் குறைப்பது இதுதான்.

ரத்தக்கசிவு 2 வாரம்வரைகூட வரலாம். வயிறு கல்லாக இறுகினாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே வரும்படி நோயாளியிடம் எழுதிக்கொடுங்கள்.

துண்டுகளாக எடுத்திருந்தால் 6 மாதத்தில் வடுவைப் பாருங்கள். கிளிப் போட்ட இடத்தில் வரும் சிறு முண்டு பாலிப் போலவே தெரியும். மேற்பரப்பின் குழிக்கோலம் (நுண்துளைகளின் அமைப்பு) இயல்பாக இருக்கிறதா என்று உற்றுப் பார்த்தே முடிவெடுங்கள்.