திரையில் கால்பந்து பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையிலோ ஈரோட்டிலோ குளிர்காலத்துச் சனிக்கிழமை இரவு எட்டரை மணிக்கு ஒரு பேக்கரிக்குள் நுழைந்தால், சுவரில் ஓடும் இங்கிலாந்து லீக் ஆட்டத்துக்குக் கீழே நான்கைந்து பேர் தேநீரை ஆறவிட்டு வாதாடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். கிரிக்கெட் அளவுக்குக் கூட்டம் இல்லை என்றாலும், கொங்கு மண்டலத்தில் கால்பந்துக்கு ரசிகர்கள் இல்லாத ஊர் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் ஆட்டத்தைத் திரையிலேயே பார்த்து வளர்ந்தவர்கள். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் திரை காட்டுவது ஆட்டத்தின் ஒரு பகுதியை மட்டுமே. அதையே முழு ஆட்டம் என்று எடுத்துக்கொண்டு அணியைத் தேர்வதும், ஆட்டக்காரரை எடைபோடுவதும், அடுத்தவரை ஏளனம் செய்வதும்தான் நாம் இங்கே அன்றாடம் காணும் தவறுகளுக்கு வேராக இருக்கின்றன.

அணியைத் தேர்வதிலிருந்து தொடங்கலாம். நம் பக்கத்தில் முப்பத்தைந்து வயதைத் தாண்டிய ரசிகரிடம் உங்கள் அணி எது என்று கேட்டால், மான்செஸ்டர் யுனைடெட் என்ற பதில் வரவே வாய்ப்பு அதிகம். வீட்டுக்குக் கேபிள் இணைப்பு வந்த காலத்தில் வென்றுகொண்டிருந்த அணி அது. அந்த அணி கடைசியாக லீக் பட்டம் வென்றது 2013இல். அதற்குப் பிறகு கால்பந்து பார்க்கத் தொடங்கிய தம்பிகள் மான்செஸ்டர் சிட்டியின் பக்கம் போனார்கள். அந்தச் சிட்டியோ 1998-99 சீசனில் மூன்றாம் நிலைப் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தது என்று சொன்னால் அவர்களில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். வெற்றியைப் பார்த்து ஓர் அணியிடம் ஈர்க்கப்படுவது இயல்புதான்; உள்ளூரில் பிறந்த பந்தம் இல்லாதவருக்கு வேறு வழியும் இல்லை. வெற்றி நின்றதும் விட்டுப் போவதும், போனபின் எப்போதும் புதிய அணியில்தான் இருந்தேன் என்று சாதிப்பதும்தான் தவறு. லெஸ்டர் சிட்டி 2016இல் யாரும் எதிர்பாராமல் பட்டம் வென்றபோது அதன் நீலச் சட்டையை வாங்கியவர்கள் இங்கும் உண்டு. அந்த அணி 2023இல் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது, 2024இல் ஏறியது, 2025இல் மறுபடி இறங்கியது. அந்தச் சட்டைக்காரர்களில் எத்தனை பேர் அந்த ஏற்ற இறக்கத்தைக் கவனித்தார்கள் என்பதே கேள்வி.

அணிக்கு ரசிகராக இருப்பதையும் ஆட்டக்காரருக்கு ரசிகராக இருப்பதையும் போட்டுக் குழப்புவது இதன் கிளைத் தவறு. மெஸ்ஸி 2021 ஆகஸ்டில் பார்சலோனாவை விட்டுப் பாரிசுக்குப் போனார், 2023இல் இன்டர் மயாமிக்குப் போனார். ரொனால்டோ யுவென்டசுக்கும், மறுபடி யுனைடெட்டுக்கும், பிறகு சவுதியின் அல் நஸ்ருக்கும் போனார். ஒவ்வொரு முறையும் அவர்களோடு இடம்பெயரும் ரசிகர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு கலைஞனின் பின்னால் போவதற்கு அவர்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் முந்தைய நாள் வரை கொண்டாடிய கிளப்பை மறுநாளிலிருந்து ஏசுவது அழகல்ல. நான் இன்னாருக்குத்தான் ரசிகன், அணிக்கு அல்ல என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பேக்கரிச் சண்டைகளில் பாதி நடக்கவே நடக்காது.

உள்நாட்டு அணிகளில் இந்தக் குழப்பம் வேறு உருவம் எடுக்கிறது. தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இந்தியன் சூப்பர் லீக்கில் கேரளா பிளாஸ்டர்ஸை ஆதரிக்கலாமா, சென்னையின் எஃப்.சி.யைத்தானே ஆதரிக்க வேண்டும் என்ற கேள்வி கோவையில் அடிக்கடி எழும். இந்தக் கேள்வியே தவறு என்பது என் கருத்து. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கொச்சி இருநூறு கிலோமீட்டருக்குள் வந்துவிடுகிறது. சென்னை ஐந்நூறு கிலோமீட்டர். நேரில் போய்ப் பார்க்க முடிந்த அணியின் மீது பற்று வைப்பவரை எப்படித் துரோகி என்பது? அதிலும் சென்னையின் அணி 2015இலும் 2017-18இலும் கோப்பையை வென்றிருக்க, பிளாஸ்டர்ஸ் 2014, 2016, 2022 ஆகிய மூன்று இறுதி ஆட்டங்களிலும் தோற்றது. தோற்றும் விடாத அந்த மஞ்சள் சட்டைக் கூட்டத்தைப் பார்த்து, வெற்றிக்குப் பின்னால் ஓடுகிறவர்கள் என்று எவரும் சொல்ல முடியாது.

உண்மையில் கொங்கு ரசிகர்கள் செய்த பெரிய தவறு வேறொன்று. நாட்டின் மற்றொரு தேசிய லீக்கான ஐ-லீக்கில் ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி. என்ற வேறோர் அணி, 2017-18 முதல் கோவை நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாகக் கொண்டிருந்தது. பெயரில் சென்னை இருந்ததாலேயே இது நம் அணி அல்ல என்று ஒதுங்கியவர்கள் பலர். 2018-19 சீசனில் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸின் பயிற்சியில், பெட்ரோ மான்சி 21 கோல்களை அடித்துத் தள்ள, அந்த அணி பட்டத்தை நோக்கி நகர்ந்தது. அந்த ஆண்டு ஐ-லீக் ஆட்டங்கள் எல்லாமே நேரலையில் வரவில்லை. தொலைக்காட்சியில் வராததால் அப்படியோர் அணி இருப்பதே உள்ளூரில் பலருக்குத் தெரியாமல் போயிற்று. வ.உ.சி. பூங்காவுக்குப் போகிறவர்கள் கேட்கும் தூரத்தில் இந்தியாவின் சாம்பியன் அணி ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

கடைசி நாளான 2019 மார்ச் 9 அன்று நிலைமை இதுதான்: சென்னை சிட்டி வென்றால் பட்டம், தவறினால், கோழிக்கோட்டில் அதே நேரத்தில் கோகுலத்துடன் ஆடிய ஈஸ்ட் பெங்காலுக்கு வழி திறக்கும். கோவையில் எதிரணியான மினெர்வா பஞ்சாப் தொடக்கத்திலேயே ஒரு கோல் அடித்தது. இடைவேளைக்குப் பிறகு மான்சி பெனால்டியில் சமன் செய்ய, பின்களத்தில் ஆடும் கௌரவ் போரா இரண்டு கோல்களை அடித்து 3-1 என்று முடித்துவைத்தார். ஈஸ்ட் பெங்காலும் வென்றதால், 43க்கு 42 என்று ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் பட்டம் கோவையில் தங்கியது. அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் இந்த அணியில் 26 சதவீதப் பங்கை வாங்கியது. ஆனால் 2020-21 சீசனுக்குப் பிறகு சென்னை சிட்டி ஐ-லீக்கில் ஆடவே இல்லை. பார்க்கலாம், பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டவர்களுக்கு அந்த வாய்ப்பு மறுபடி வரவில்லை.

இங்கிலாந்துக்காரர்கள் இந்த ஆபத்தை முன்பே கண்டுகொண்டார்கள். சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை அந்நாட்டில் கால்பந்தை நேரலையில் ஒளிபரப்புவதில்லை என்ற வழக்கம் 1960களில் தொடங்கியது. பெரிய அணிகளின் ஆட்டம் வீட்டிலேயே தெரிந்தால் சிறிய ஊர் மைதானங்களுக்கு யார் வருவார்கள் என்ற அச்சமே அதற்குக் காரணம். ஆகவே நம் பேக்கரியில் எட்டரை மணிக்கு ஓடும், அந்நாட்டு நேரப்படி பிற்பகல் மூன்று மணி ஆட்டத்தை, மான்செஸ்டரில் வீட்டில் இருப்பவர் நேரலையாகப் பார்க்க முடியாது. எல்லா ஆட்டமும் நமக்குக் கிடைப்பதால் நாம்தான் அதிகம் தெரிந்தவர்கள் என்று நினைத்துவிடவும் கூடாது.

ஏனெனில் கேமரா பந்தின் பின்னால் ஓடுகிறது. பந்து இல்லாத இடத்தில் யார் யாரை மறிக்கிறார்கள், யார் இடத்தை அடைக்கிறார்கள் என்பது சட்டகத்துக்கு வெளியே நடக்கிறது. கைப்பேசியில் வரும் ஒரு நிமிடத் துணுக்குகளில் அதுவும் இல்லை; கோலும், பந்தைக் காலோடு கடத்திச் செல்லும் டிரிபிளும் மட்டுமே மிஞ்சுகின்றன. துணுக்கைப் பார்த்து ஆட்டக்காரரைத் தரம் பிரிப்பதன் விளைவுக்கு ரியல் மாட்ரிட் நிர்வாகமே சாட்சி. 2003இல் அவர்கள் பெக்காமை வாங்கினார்கள். அதே கோடையில், எதிரணியின் பந்தைப் பறித்து அருகில் இருப்பவருக்குக் கொடுப்பதையே வேலையாகக் கொண்டிருந்த கிளோட் மக்கலேலேயைச் செல்சிக்கு விட்டுவிட்டார்கள். அந்த ஆண்டு ஸ்பெயின் பட்டம் வென்றிருந்த மாட்ரிட், அடுத்த பட்டத்தை 2007இல்தான் வென்றது. மக்கலேலே போனது ஒன்றே காரணம் என்று சொல்வது மிகையாகும். ஆயினும் விலை கொடுத்து வாங்கியவர்களே தவறவிட்டதை, துணுக்கு பார்த்து நாம் கண்டுபிடித்துவிடப் போவதில்லை. கோல் அடிக்கவில்லை, ஆகவே ஒன்றும் செய்யவில்லை என்று ஒரு நடுக்கள ஆட்டக்காரரைத் திட்டுவதற்கு முன், பத்து நிமிடம் பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பாருங்கள். சட்டகத்துக்குள் அவர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார், பந்து வரும் முன் எத்தனை முறை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறார் என்பதைக் கவனித்தாலே பல தீர்ப்புகள் மாறிவிடும்.

ஆஃப்சைடு, அதாவது பந்து தட்டப்படும்போது எதிரணியின் கோல் பக்கம் விதியை மீறி முன்னே நிற்பது, பற்றிய கூச்சல்களும் இதே வகைதான். பிரதான கேமரா நடுக்கோட்டுக்கு நேரே உயரத்தில் இருக்கிறது. கோல் பக்கம் நடப்பதை அது சாய்வாகக் காட்டுகிறது. கண்ணுக்குச் சமமாகத் தெரிவது உண்மையில் சமமாக இருக்க வேண்டியதில்லை. அதோடு, பந்து தட்டப்பட்ட கணம்தான் கணக்கு, வந்து சேர்ந்த கணம் அல்ல. எதிரணியில் கடைசிக்கு முந்தையவரை வைத்துத்தான் அளக்க வேண்டும். அந்தக் கடைசி ஆள் கோல்கீப்பராகத்தான் இருக்க வேண்டும் என்று விதி எங்கும் சொல்லவில்லை. 2022 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில், மூன்றாம் நிமிடத்தில் ஈக்வடாரின் வலென்சியா அடித்த கோல் ரத்தானபோது உலகமே குழம்பியதற்குக் காரணம் இதுதான். கத்தாரின் கோல்கீப்பர் முன்னேறி வந்திருந்தார். அவருக்குப் பின்னால் ஒரே ஒரு பின்கள ஆட்டக்காரர் மட்டும் நிற்க, வலென்சியாவின் சக ஆட்டக்காரர் எஸ்ட்ராடாவின் கால் கோட்டைத் தாண்டியிருந்தது. தீர்ப்பு சரி. நடுவரைக் கத்தார் வாங்கிவிட்டது என்று அன்று இரவு எழுதியவர்கள் விதியைப் படித்திருக்கவில்லை.

நேரக் கணக்கில் வரும் தவறுகள் சின்னவை, ஆனால் தூக்கத்தைக் கெடுப்பவை. ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுகிறார்கள். ஆகவே இங்கிலாந்தின் பிற்பகல் மூன்று மணி ஆட்டம் நமக்குக் கோடையில் இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. சாம்பியன்ஸ் லீக்கின் இரவு ஆட்டங்கள் நமக்கு 12.30 அல்லது 1.30. புதன்கிழமை ஆட்டம் என்றால் நம் நாட்காட்டியில் வியாழன் அதிகாலை. புதன் அதிகாலையில் அலாரம் வைத்து எழுந்து விளம்பரம் பார்த்தவர்கள் நிறைய. இணையம் வழியாகப் பார்ப்பவருக்குப் படம் கேபிளைவிடச் சற்றுப் பின்தங்கி வரும். பக்கத்து வீட்டுக் கூச்சலைத் தடுக்க முடியாது, ஆனால் கோல் அறிவிப்பு அனுப்பும் செயலியையாவது அணைத்து வைக்கலாம்.

சட்டை வாங்குவதில் திருப்பூருக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு ஏமாறுவதைத்தான் என்னால் ஏற்க முடிவதில்லை. “இது எக்ஸ்போர்ட் பீஸுங்ணா, ஒரிஜினலு, சுத்தக் காட்டனுங்க” என்று காதர்பேட்டைப் பக்கம் ஒருவர் சொன்னால், அந்த வாக்கியத்திலேயே பொய் தெரிந்துவிடுகிறது. பெரிய கிளப்புகளின் இன்றைய ஜெர்சிகள் பாலியெஸ்டர் துணியில் தைக்கப்படுபவை. சுத்தக் காட்டனில் ஒரிஜினல் ஜெர்சி கிடையாது. போலியை வாங்குவது என்று முடிவு செய்தவரும் துணியைப் பார்த்து வாங்க வேண்டும். சப்ளிமேஷன் என்னும் அச்சு முறையில் சாயம் சூட்டில் ஆவியாகி பாலியெஸ்டர் நூலுக்குள் போய்விடுகிறது. விரலால் தடவினால் எழுத்து தட்டுப்படாது, வெளுக்கவும் வெளுக்காது. அதே சாயத்தைக் காட்டனில் ஏற்றினால் சில சலவைகளிலேயே போய்விடும். பெயரும் எண்ணும் வினைல் ஸ்டிக்கராக ஒட்டப்பட்டிருந்தால் அதன் ஓரத்தை நகத்தால் நெருடிப் பாருங்கள். இப்போதே தூக்கினால் மாதத்துக்குள் உரியும். அப்படிப்பட்ட சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படித் திருப்பிப்போட்டுத் துவைக்க வேண்டும். எழுத்தின் மேல் இஸ்திரிப் பெட்டியை நேராக வைக்கவே கூடாது.

வியாபார நிமித்தமாக இங்கிலாந்து போகும் பனியன் கம்பெனிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஜூனில் வெளியாகும் முதல் அட்டவணையைப் பார்த்து விமானச் சீட்டை உறுதி செய்யாதீர்கள். தொலைக்காட்சி தேர்ந்தெடுக்கும் ஆட்டங்கள் வெள்ளி, ஞாயிறு, திங்கள் என்று பின்னர் நகர்த்தப்படும்; சனிக்கிழமை ஆட்டத்தை நம்பிப் போனவர் ஞாயிறு மாலை விமான நிலையத்தில் இருந்தபடி அதைக் கைப்பேசியில் பார்க்க நேரிடும். பெரிய அணிகளின் ஆட்டங்களுக்குப் பெரும்பாலும் கிளப் உறுப்பினராக இருந்தால்தான் சீட்டு கிடைக்கும். மைதான வாசலில் கூடுதல் விலைக்கு நீட்டுபவரிடம் வாங்காதீர்கள். அனுமதியில்லாமல் கால்பந்துச் சீட்டை மறுவிற்பனை செய்வது அங்கே 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், அந்தச் சீட்டு வாயிலில் செல்லாமல் போனால் முறையிடவும் இடமிராது.