பையோடு கையில் வந்த ஃபயர் பிளாங்கெட்

இ.என். 1869 என்ற ஐரோப்பியத் தர எண் பார்த்து வாங்கிய ஃபயர் பிளாங்கெட்டை, அதாவது தீயை மூடி அணைக்கும் போர்வையை, அதன் பையோடு அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டியாயிற்று. ஒத்திகைக்காகக் கீழே தொங்கும் இரண்டு பட்டைகளையும் இழுத்தால், போர்வை வரவில்லை. பையே கொக்கியோடு பெயர்ந்து கையில் வந்தது.

முதலில் ஒட்டுக் கொக்கியைத்தான் சந்தேகப்பட்டேன். தாளிக்கிற ஆவி படிந்த டைல்ஸில் எந்தப் பசைதான் நிற்கும்? தேய்த்துக் கழுவிப் புதுக் கொக்கி ஒட்டினேன். மறுநாள் அதுவும் தரையில். அப்புறம் கயிற்றால் கட்டினேன். பை ஊசலாடியது, போர்வை பாதியில் சிக்கியது.

சரி என்று இடத்தையே மாற்றினேன். அடுப்பை ஒட்டி மாட்டினால் தீயைத் தாண்டித்தானே கை நீட்ட வேண்டும்? சமையலறை வாசல் ஓரச் சுவரில் துளையிட்டு, பையின் வளையத்தின் மேல் வாஷர் வைத்து ஸ்குரூ முடுக்கினேன். பை அசையவில்லை. ஆனாலும் போர்வை சிக்கியது!

காரணம் மடிப்பு. சுருட்டித் திணித்தால் வராது. புடவைக் கொசுவம் மாதிரி முன்னும் பின்னுமாக மடித்து, பட்டைகள் உள்ள விளிம்பு அடியில் இருக்கும்படி செருக வேண்டும். போர்வையின் கண்ணாடி இழை அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இப்போது ஒரே இழுப்பில் விரிகிறது. அப்பாடா!

எண்ணெய்ச் சட்டி பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது. போர்வையின் மேல்விளிம்பைக் கைகளின் மேல் சுருட்டிக்கொண்டு, நம் பக்கத்திலிருந்து அந்தப் பக்கமாகப் போர்த்த வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டு, சட்டி நன்றாக ஆறும்வரை தூக்கிப் பார்க்காதீர்கள். தீயில் பட்ட போர்வை மறுபடி உதவாது. புதிதுதான் வாங்க வேண்டும்.