டாலி பார்ட்டன் பஸ்ஸைப் பார்க்கப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

அமெரிக்கக் கன்ட்ரி பாடகி டாலி பார்ட்டன் ஊர் ஊரா பாடப் போன பஸ்ஸை, அவங்க பேர்ல இருக்கிற டாலிவுட்ங்கிற தீம் பார்க்ல பாக்கலாம். போறவங்க முதல்ல ஊரையே தப்பா நெனச்சுக்கிறாங்க. கன்ட்ரி மியூசிக்னா டென்னசி மாநிலத்து நாஷ்வில்தானே, பஸ்ஸும் அங்கேயே பக்கத்துல எங்கயாவது நிக்கும்னு ரூம் போட்டுடுறாங்க. டாலிவுட் இருக்கிறது அதே டென்னசியோட இன்னொரு கோடியில, ஸ்மோக்கி மலையடிவாரத்துல இருக்கிற பிஜன் ஃபோர்ஜ்ல. நாஷ்வில்லேர்ந்து கார்ல மூணரை மணி நேரமாவது ஆகும், அதுக்கு மேல டைம் ஸோன் மாறி ஒரு மணி நேரம் காணாமப் போயிடும், காலைல எட்டு மணிக்குக் கிளம்பினா போய் இறங்கும்போது அங்க மணி பன்னெண்டரை. விமானத்துல வர்றவங்க நாக்ஸ்வில்ல இறங்கறதுதான் நல்லது. ஜனவரி, பிப்ரவரில பார்க் பெரும்பாலும் மூடியிருக்கும், அதையும் பாத்துக்கோங்க.

அடுத்தது, பஸ் ரெண்டு இருக்கு, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. பார்க்குக்குள்ள ஏறிப் பார்க்கிற பஸ் பார்க் டிக்கெட்லயே அடக்கம், அன்னிக்குத் திறந்திருக்கான்னு மட்டும் ஆப்ல பாத்துட்டுப் போங்க. டாலிவுட்டோட ஹோட்டலான ட்ரீம்மோர் ரிசார்ட்ல நிக்கிறது வேற பஸ், சூட் 1986னு பேரு, பார்க்குக்கு டாலிவுட்னு பேரு வந்த வருஷம் அது. 2022ல தங்குறதுக்கு விட்டப்போ ரெண்டு ராத்திரிக்கு 10,000 டாலர்னு சொன்னாங்க. சும்மா எட்டிப் பாத்துட்டு வரலாம்னு அங்க போனீங்கன்னா அலைச்சல்தான் மிச்சம்.

பஸ்ஸுக்குள்ள பெரிய பையோட ஏறாதீங்க, நடக்கிற வழி ஒரு ஆள் அகலம்தான், நீங்க ஒரு செல்ஃபிக்கு நின்னா பின்னாடி வரிசையே நிக்கும். மதியத்துக்கு மேல கூட்டம் சேர்ந்துடும், பார்க் திறந்த கையோட போயிடுங்க.

ஆனா என்னைக் கேட்டா பெரிய தப்பு இது எதுவுமே இல்ல. டாலியோட விக் எங்க, டிரெஸ் எங்கன்னு தேடிட்டு ரெண்டே நிமிஷத்துல இறங்கிடுறாங்க பாருங்க, அதுதான் (முதல் தடவை நானும் அப்படித்தான் இறங்கினேன்). ஊர் ஊரா பாடப் போறவங்களுக்கு மாசக்கணக்குல வீடே அந்த பஸ்தான், எங்க படுத்தாங்க, எங்க சமைச்சாங்க, இவ்ளோ குறுகலான இடத்துல சாமானை எப்படி அடுக்கினாங்கன்னு பாருங்க. அதுக்கு முன்னாடி அதே பார்க்ல இருக்கிற மரக் கேபினைப் பாத்துட்டு வந்துடணும். டாலி வளர்ந்த வீட்டோட நகல் அது, தம்பி பாபி கட்டினது, உள்ள எது எங்க இருக்கணும்னு அவங்க அம்மாவே அமைச்சது. இருக்கிறது ரெண்டே ரூம், அந்தக் குடும்பத்துல பிறந்த பிள்ளைங்க மட்டும் பன்னெண்டு பேரு, கரண்ட் கிடையாது, குழாய்த் தண்ணியும் கிடையாது. அதைப் பாத்துட்டு வந்து பஸ்ஸுல ஏறினீங்கன்னா விக்கைத் தேட மாட்டீங்க, பாத்ரூம் குழாய்கிட்டதான் நிப்பீங்க.