அல்ஹம்பிராவில் ஆடியோ கைடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்பெயினின் கிரனாடா நகரத்து மேட்டில் இருக்கும் கோட்டை அரண்மனைத் தொகுப்பான அல்ஹம்பிராவுக்கு முதல்முறை வருகிறவர்கள், எண்ணை அழுத்தினால் அந்தந்த இடத்தைப் பற்றிப் பேசும் ஆடியோ கைடைக் காதில் மாட்டிக்கொண்டு செய்யும் தவறுகள் வருடா வருடம் அப்படியே தொடர்கின்றன. இன்று கண்ணை மூடிக்கொண்டு வழி சொல்கிறவர்களும் முதல்முறை இதே தவறுகளைச் செய்தவர்கள்தான். நடக்கத் தோதான செருப்பு, தண்ணீர், போனில் சார்ஜ் இதையெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கே போய் இடித்துக்கொண்ட பிறகே தெரியவருகிற விஷயங்கள் மட்டும் இங்கே.

1-ஆம் எண்ணிலிருந்து தொடங்குவது

பணமும் நாளும் சேர்ந்து வீணாவது இந்தத் தவறில்தான். எத்தனை முறை சொன்னாலும் நடந்துகொண்டே இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

பொது டிக்கெட் ஒன்றுதான், ஆனால் அதற்குள் மூன்று பகுதிகள். மேற்கு முனையில் அல்காஸாபா கோட்டை. நடுவில், கிரனாடாவை ஆண்ட நஸ்ரீ என்ற முஸ்லிம் அரச வம்சத்தின் அரண்மனைகள். கிழக்கே எதிர்மேட்டில் ஹெனராலிஃபே தோட்டமும் கோடை மாளிகையும். கோட்டைக்கும் தோட்டத்துக்கும் உங்கள் வசதிப்படி போகலாம். நஸ்ரீ அரண்மனைகளுக்கு மட்டும் டிக்கெட்டில் நுழைய வேண்டிய நேரத்தை அச்சிட்டிருக்கும். அரை மணிக்கு ஒரு தொகுதியாக ஆட்களை உள்ளே விடுகிறார்கள். உங்கள் தொகுதி போய்விட்டால் டிக்கெட்டின் அந்தப் பகுதி செத்துவிட்டது. அடுத்த தொகுதியில் நுழைந்துகொள்ளலாம் என்று நம்பாதீர்கள். சீசனில் பல நாள் முன்பே எல்லாத் தொகுதிகளும் விற்றுத் தீர்ந்திருக்கும். அல்ஹம்பிராவுக்கு வருகிறவர்கள் முக்கியமாகப் பார்க்க வருவதே அந்த அரண்மனைகளைத்தான்.

தவறு நடக்கும் விதம் எப்போதும் ஒன்றுதான். டிக்கெட்டில் 11:30. பத்தரை மணிக்குப் பஸ்ஸில் வந்து, தோட்டத்தின் பக்கம் இருக்கும் பிரதான நுழைவு மண்டபத்தில் இறங்குகிறார்கள். ஆடியோ கைடு கைக்கு வந்ததும் 1-ஐ அழுத்துகிறார்கள். பிறகு 2, பிறகு 3. ஒரு மணி நேரம் இருக்கிறதே என்ற தைரியம். ஒரு எண்ணுக்கு மூன்று நிமிடம் என்று வைத்தாலும் பத்து எண்ணுக்கு அரை மணி போய்விடும். எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவே நடப்பதும் படம் எடுப்பதும் இன்னொரு அரை மணி. நுழைவு மண்டபத்திலிருந்து நஸ்ரீ வாசலுக்கு எங்கும் நிற்காமல் நடந்தாலே 15 முதல் 20 நிமிடம் பிடிக்கும், அந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை. மூச்சு வாங்க ஓடிவரும்போது 11:30 தொகுதி உள்ளே போய் முடிந்து, 12 மணி வரிசை நின்றுகொண்டிருக்கும். ஹெட்போன் கழுத்தில் தொங்க, வாசலில் டிக்கெட்டை நீட்டிக் கெஞ்சும் குடும்பத்தை எந்த நாளும் பார்க்கலாம். வாசலில் நிற்கும் ஊழியரால் எதுவும் செய்ய முடியாது. கருவியில் பேசுகிற குரலுக்கு உங்கள் நேரம் தெரியாது. அதில் இருக்கும் எண் வரிசை இடத்தை அடையாளம் காட்டத்தான், உங்கள் நாளைத் திட்டமிட அல்ல.

சரியான வழி, அச்சிட்ட நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுவது. 11:30 என்றால் 11:15-க்கு வரிசையில் நில்லுங்கள். 11 மணிக்கு, பிற்கால ஸ்பானிய அரசர் ஐந்தாம் சார்லஸின் அரண்மனைக்கு முன்னால் இருங்கள், நஸ்ரீ வாசல் அதன் பக்கத்திலேயே இருக்கிறது. அல்காஸாபா கோட்டையும் அங்கிருந்து சில நிமிட நடைதான். அதனால் முன்னதாக ஒன்றரை மணி நேரம் கையில் இருந்தால் கோட்டையை முடித்துவிடலாம், அதற்கும் குறைவென்றால் வேண்டாம். தோட்டத்தைக் கடைசிக்கு வையுங்கள். மாலை நேரத் தொகுதி கிடைத்தவர்கள் மட்டும் தோட்டத்தை முதலில் பார்க்கலாம்.

டிக்கெட் ஏற்கெனவே கையில் இருந்தால் நுழைவு மண்டபத்துக்கே போக வேண்டியதில்லை. ஊருக்குள் பிளாஸா நுவேவாவிலிருந்து கோமெரெஸ் ஏற்றத்தில் ஏறினால் 20 நிமிடத்தில் நீதி வாசல் வரும். அங்கிருந்து நஸ்ரீ வாசலுக்கு ஐந்து நிமிடம். நஸ்ரீ சுல்தான் முதலாம் யூசுஃப் 1348-இல் கட்டிமுடித்த வாசல் அது. வெளி வளைவில் ஒரு கை, உள் வளைவில் ஒரு சாவி செதுக்கியிருக்கும். அதற்குரிய எண்ணை அங்கேயே நின்று கேளுங்கள். மீதி நேரத்தை ஐந்தாம் சார்லஸ் அரண்மனையின் வட்ட முற்றத்தில் கழிக்கலாம், அதற்கு டிக்கெட் தேவையில்லை. 1527-இல் தொடங்கிய கட்டடம், பேத்ரோ மச்சூகாவின் வடிவமைப்பு. அதைப் பற்றிய ஒலிப்பதிவுகளைக் காத்திருக்கும் நேரத்திலேயே முடித்துவிட்டால் பிறகு அதற்கென்று தனியாக நிற்க வேண்டாம்.

பாஸ்போர்ட்டை ஈடு வைப்பது

கருவிக்கு ஈடாக எதையாவது கேட்டால் வேறு அடையாள அட்டையைக் கொடுங்கள். டிக்கெட் உங்கள் பெயரில் இருக்கிறது, நஸ்ரீ வாசலில் அசல் பாஸ்போர்ட்டைக் காட்டச் சொல்வார்கள். கருவியை எங்கே திருப்பித் தர வேண்டும் என்பதையும் வாங்கும்போதே கேளுங்கள். இந்த மேடு 700 மீட்டருக்கு மேல் நீளம், வெளியேறுவது ஒரு முனை, கருவியை வாங்கியது மறுமுனை என்று ஆகிவிடும்.

எழுத்தைப் பார்த்து உச்சரிப்பை ஊகிப்பது

தமிழில் ஆடியோ கைடு கிடையாது, நம்மில் பெரும்பாலோர் ஆங்கிலத்தில்தான் கேட்கிறோம். பலகையில் ஆங்கிலக் கண்ணோடு பார்த்தால் 'ஜெனரல் லைஃப்' போலத் தெரிவதைக் காதில் 'ஹெனராலிஃபே' என்பார்கள். ஸ்பானிய மொழியில் அந்த இடத்தில் 'ஜி' எழுத்துக்கு 'ஹ' ஓசை. 'ஹெச்' எழுத்துக்கு ஓசையே இல்லை, ஊர்க்காரர்கள் 'அலாம்ப்ரா' என்றுதான் சொல்கிறார்கள். முதல்நாள் இரவே ஐந்தாறு பெயர்களை ஸ்பானிய உச்சரிப்பில் கேட்டுவைத்தால் போதும். கருவிக்குப் பதில் போனில் ஆடியோ கைடு செயலியில் கேட்பதானால் அதையும் அப்போதே தங்குமிடத்து வைஃபையில் இறக்கிவிடுங்கள், தடித்த சுவர்களுக்குள் சிக்னலை நம்ப முடியாது.

வழியை அடைத்து நிற்பது

நஸ்ரீ அரண்மனைகளில் முதலில் மெக்ஸுவார் என்ற ஆலோசனை மண்டபம், அதை அடுத்து ஒரு சின்ன முற்றம், அதில் கோமாரெஸ் முகப்பு. ஒரே மாதிரி இரண்டு கதவுகள். இடது கதவு வளைந்த நடைவழியாகக் கோமாரெஸ் அரண்மனைக்குள் கொண்டுபோகும். முகப்பைப் பற்றிய பதிவு தொடங்கியதும் அத்தனை பேரும் அந்தக் கதவுக்கு எதிரிலேயே நின்றுவிடுகிறார்கள். பின்னால் வருகிறவர்கள் தள்ள, நீங்களும் பாதியில் நகர்ந்து, குரல் முகப்பை வர்ணிக்கும்போது இருட்டு நடைவழியில் இருப்பீர்கள். முகப்புக்கு எதிர்ச்சுவரை ஒட்டிப் போய் நின்று, பிறகு அழுத்துங்கள். எல்லா அறைக்கும் இதுதான் முறை. முதலில் நிற்கும் இடம், அடுத்து ஒரு சுற்றுப் பார்வை, அதன் பிறகு ஒலி.

திரையைப் பார்ப்பது

கோமாரெஸ் அரண்மனையில் உள்ள தூதர் மண்டபத்தின் கூரை 8,017 தேவதாரு மரத்துண்டுகளை இணைத்துச் செய்தது, ஏழு வானங்களைக் குறிக்கிறது. தலைக்கு மேல் 18 மீட்டர் உயரத்தில் அது இருக்க, அடுத்த எண்ணைத் தேடிக் குனிந்தபடியே மண்டபத்தைக் கடக்கிறவர்கள் ஏராளம். பதிவை ஒருமுறை முழுதாகக் கேளுங்கள், போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு ஒரு நிமிடம் அண்ணாந்து பாருங்கள். வாசலுக்கு நேர் எதிரே உள்ள மாடத்தில்தான் சுல்தான் அமர்ந்தார். வெளிச்சம் அவர் முதுகுப்பக்கம் இருந்து வரும், உள்ளே நுழைகிறவர் கண் கூசும். இதை வாசலில் நின்று பார்த்தால்தான் புரியும்.

எதிர்மாறான ஏமாற்றமும் உண்டு. 'மொகாரபெ மண்டபம்' என்ற பெயரைக் கேட்டு, தேன்கூடு போன்ற கூரையை எதிர்பார்த்து அண்ணாந்தால் அங்கே அது இருக்காது. 1590-இல் பக்கத்தில் நடந்த வெடிமருந்து விபத்தில் பழைய கூரை சேதமடைந்து போனது, இப்போதிருப்பது பிற்காலத்துச் சுதை வேலை. தேன்கூட்டுக் கூரை வேண்டுமென்றால் சிங்க முற்றத்தின் இரு பக்கமும் உள்ள இரு சகோதரிகள் மண்டபத்திலும் அபென்செர்ராகே மண்டபத்திலும் பாருங்கள்.

கதையை வரலாறாக எடுத்துக்கொள்வது

அபென்செர்ராகே குலத்து வீரர்களை அந்த மண்டபத்தில் வெட்டிக் கொன்றார்கள், தொட்டியில் தெரியும் சிவப்பு அவர்கள் ரத்தம் என்று சொல்வது கதை. கறை இரும்புத் துரு. 'இரு சகோதரிகள்' என்பதும் இளவரசிகள் யாருமல்ல, தரையில் பதித்த இரண்டு பெரிய பளிங்குப் பலகைகள்.

சுவரில் இருப்பதோ வரலாறேதான், அதைத்தான் பலர் அலங்காரம் என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள். 'அல்லாஹ்வைத் தவிர வெற்றியாளன் இல்லை' என்ற நஸ்ரீ அரசர்களின் முழக்கம் அறைக்கு அறை அரபு எழுத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. மதரஸாவில் அரபு எழுத்துப் படித்த நம்மவர்கள் இரண்டு மூன்று இடங்களில் நிதானமாகப் பார்த்தால் தாமாகவே பிடித்துவிடுவார்கள். அதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

ஸ்பீக்கரில் போடுவது

கூடவே கூடாது.

திரும்பி வந்து பார்க்கலாம் என்று விடுவது

நஸ்ரீ அரண்மனைகள் ஒருவழிப் பாதை. வெளியே வந்தால் மறுபடி நுழைய முடியாது. உள்ளே எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதற்குக் கட்டுப்பாடு இல்லை, அவசரப்படாதீர்கள்.

கடைசிவரை காதை அடைத்து வைப்பது

சிங்க முற்றத்தில் நீரூற்றைத் தாங்கும் 12 சிங்கங்கள் பல ஆண்டுப் பழுதுபார்ப்புக்குப் பிறகு 2012-இல் மீண்டும் முழுமையாகப் பார்வைக்கு வந்தன. தொட்டி விளிம்பைச் சுற்றி அரசவைக் கவிஞர் இப்னு சம்ரக்கின் கவிதை பொறித்திருக்கிறது. ஓடுவது நீரா பளிங்கா என்று கண் மயங்குவதை அது பாடுகிறது. பதிவை முற்றத்துக்குள் நுழையும் முன்பே கேட்டுவிடுங்கள். உள்ளே போனதும் இயர்போனைக் கழற்றுங்கள். பக்கத்து மண்டபங்களிலிருந்து தரையில் வெட்டிய வாய்க்கால் வழியே தண்ணீர் நடுத்தொட்டியை நோக்கி வரும் சத்தமும் அந்தக் கட்டடத்தின் பகுதிதான். அதன் மேல் இன்னொரு குரலை ஓடவிட்டால் கட்டியவர்கள் திட்டமிட்டு வைத்த ஒன்று உங்களுக்குக் கிடைக்காமலே போகும்.

ஹெனராலிஃபேயின் மேற்பகுதியில் உள்ள நீர்ப்படிக்கட்டில் இது இன்னும் தெளிவு. இருபுறமும் கைப்பிடிச் சுவரின் மேல் கூரை ஓட்டை மல்லாத்தி வைத்தது போன்ற வாய்க்கால், அதில் தண்ணீர் வேகமாக இறங்கும். படிகளுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு இடைத்தளத்திலும் சின்ன நீரூற்று ஒன்று. மேலே மரநிழல் கவிந்திருக்கும். கையை வாய்க்காலில் வைத்துக்கொண்டே நடக்கலாம். அந்தப் படிகளுக்கான எண்ணை, அங்கிருந்து வெளியேறி சைப்ரஸ் மரங்கள் நிற்கும் நடைபாதைக்கு வந்த பிறகு கேளுங்கள்.